நட்டுகளில் சிவப்புப் பொட்டு

லைலாக் பூக்கும் வாரத்தில் ஆர்கன்காரர் தெயோடோரின் மோட்டார் சைக்கிள் பரிசோதனைக்கு வரும். வந்தால் தேறும். இருபது வருடமாக இதில் ஒரு தடவைகூட மாற்றம் இருந்ததில்லை. வாங்கி நாலே வருடமான கார்கள் விளக்கு எரியாமல் எட்முண்ட் வேலை பார்க்கும் வாகனப் பரிசோதனை நிலையத்திலிருந்து திரும்பிப் போயிருக்கின்றன. பங்குச் சாமியாரின் காரே ஒருமுறை டயர் தேய்ந்து திரும்பியது. ஆனால் எட்முண்டைவிடப் பதினொரு வயதே இளையதான அந்தப் பழைய வண்டி, நீலப் புகை விட்டுக்கொண்டு உள்ளே வந்து, முத்திரை வாங்கிக்கொண்டு, அதே நீலப் புகையோடு வெளியே போகும்.

அந்த வெள்ளிக்கிழமை அது வந்தபோது மணி நாலரை. காலையிலிருந்து எட்முண்ட் ஒன்பது டிராக்டர்களையும் பதினாலு கார்களையும் பார்த்து முடித்திருந்தார். குழிக்குள் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, இரண்டு முழங்காலும் சுண்ணாம்பு வைத்தது போல் எரிந்தன. உடம்பு அசந்ததைவிட மனிதர்களால்தான் அதிகம் அசந்துபோயிருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று கேட்பவர்கள். சீட்டுக்குக் கீழே சாசேஜ் பொட்டலத்தை வைத்துவிட்டு, வைத்தது தெரியாத மாதிரி கூரையைப் பார்ப்பவர்கள். கத்துபவர்கள். முப்பது வருடமாகப் பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்தே அவருக்குக் கை வலித்தது.

அதனால் தெயோடோரைப் பார்த்ததும் அவருக்கு ஒரு சின்ன நிம்மதி. தெயோடோர் எதையும் கேட்க மாட்டார். எதையும் கொடுக்கவும் மாட்டார். ஒல்லியான, நீண்ட விரல்களுள்ள மனிதர். ஓல்ஷின்கா கோயிலிலும் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி மலைச்சரிவுக்குக் கீழே இருக்கும் டெம்போவா கோயிலிலும் அவர்தான் ஆர்கன் வாசிக்கிறார். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது இந்த வண்டிதான்.

"பான் எட்முண்ட்," என்றார் மரியாதை விடாமல், "கொஞ்சம் சீக்கிரம் முடியுமா? ஆறு மணிக்கு டெம்போவா மாதா மண்டபத்துல மே மாச வழிபாடு. நான் போய் சுருதி பிடிக்கலைன்னா அந்தப் பொம்பளைங்க ஆளுக்கு ஒரு சுருதியில பாடிருவாங்க."

"உங்க வண்டிய நான் பார்த்துத்தான் தெரியணுமா? விளக்கப் போடுங்க."

விளக்கு எரிந்தது. ஹாரன் கேட்டது. எட்முண்ட் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பின்பக்கம் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முழங்கால் வேண்டாம் என்றது. பிரேக்கைச் சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்த்து, அது எவ்வளவு பிடிக்கிறது என்று முள் காட்டும் எண்ணை எழுத வேண்டும். கணினித் திரையில் போன வருடத்து எண்கள் இருந்தன. அதற்கு முந்தின வருடமும் ஏறக்குறைய அதே எண்கள்தான். அவற்றையே திரும்ப அடித்தார். பதிவுப் புத்தகத்தில் முத்திரைக்கென்று இருந்த ஆறு கட்டங்களில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அதில் முத்திரையைக் குத்தி, ஊதிக் காயவைத்தார்.

"இருபத்தொண்ணு," என்றார் தெயோடோர், புத்தகத்தை வாங்கிக்கொண்டே. அவர் பெருமைப்பட்டு எட்முண்ட் கண்ட ஒரே விஷயம் இதுதான். "ஒரு வருஷம்கூட ரெண்டாவது தடவை வந்ததில்ல."

"எங்க வீட்டுக்காரி என்னப் பத்தி இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல."

தெயோடோர் சிரித்துக்கொண்டே உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.

கதவைச் சாத்துவதற்கு முன் எட்முண்ட் தரையைப் பெருக்கினார். வண்டி நின்ற இடத்தில் துடைப்பத்தில் பட்டு ஏதோ கிணுகிணுத்தது. குனியாமல் காலால் தள்ளிப் பார்த்தார். பிறகு குனிந்தார்.

விரல் நகம் நீளத்தில் ஒரு துண்டுக் கம்பி. நட்டு கழன்றுவிடாமல் ஊடே செருகி மடக்கிவிடுவார்களே, அந்த ஸ்ப்ளிட் பின். துருப்பிடித்து உடைந்திருந்தது. அதன் வளைந்த தலையில் மங்கிப்போன ஒரு சிவப்புப் புள்ளி.

அந்தச் சிவப்பை எட்முண்டுக்கு நன்றாகத் தெரியும். தெயோடோரின் வண்டியில் ஒவ்வொரு நட்டின் மேலும் அந்தப் பொட்டு இருக்கும். இறுக்கி முடித்த நட்டை அடையாளம் காட்ட யாரோ நகப்பூச்சு வைத்திருந்தார்கள். வருடா வருடம் பொட்டு புதிதாகப் பளபளக்கும். எட்முண்ட் உண்மையில் பார்த்துவந்தது அந்தப் பொட்டுகளைத்தான். இன்று அதைக்கூடப் பார்க்கவில்லை.

எந்த நட்டின் பின் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்த அளவு ஸ்ப்ளிட் பின், வண்டியின் பின்சக்கரத்தருகே ஒரே இடத்தில்தான் உண்டு. பிரேக் தட்டைச் சுற்றவிடாமல் வண்டியின் உடம்போடு பிடித்துவைத்திருக்கும் கம்பியின் நுனியில். நட்டு கழன்றால் கம்பி விழும். அதன் பிறகு ஓட்டுபவன் எப்போது பிரேக்கை மிதிக்கிறானோ அப்போது தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். டெம்போவா சாலையில் பிரேக்கை மிதித்தே ஆகவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சரிவின் அடியில், ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், அந்த வளைவு.

தெயோடோரின் கைபேசிக்குக் கூப்பிட்டார். அணைந்திருந்தது. கோயில் வேலைக்குப் போகும்போது தெயோடோர் அதை அணைத்துவிடுவார். அந்த ஆள் பாலத்தடியில் கிடந்தால், அவர் சட்டைப் பையில் இருக்கும் புத்தகத்தில் அன்றைக்குக் குத்திய முத்திரை தன்னுடையதாக இருக்கும்.

நிலையத்தில் பரிசோதனைதான் உண்டு, பழுது பார்ப்பது இல்லை. அந்த அளவுப் பின் ஒன்றும் அங்கே கிடையாது. ஆனால் சிவப்புப் பொட்டு வைக்கும் கை யாருடையது என்பது ஓல்ஷின்காவில் எல்லோருக்கும் தெரியும். காரைக் கிளப்பினார்.

கூட்டுறவுப் பண்ணையில் டிராக்டர் பழுது பார்த்து ஓய்வுபெற்ற ஜெனோன், தெயோடோருக்கு வேலியடி அண்டை வீட்டுக்காரர். சமையலறையில் தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எட்முண்ட் பின்னை மேசையில் வைத்தார். ஜெனோன் அதை எடுக்கவில்லை.

"இது மாதிரி ஒண்ணு வேணும், பான் ஜெனோன். இப்பவே வேணும். ஆர்கன்காரர் வண்டியோடது."

"அந்த வண்டிய இந்த வருஷம் நான் தொடல."

"பார்த்தாலே தெரியுது."

"பார்த்தீங்களா நீங்க?" ஜெனோன் கத்தியை நிறுத்தாமலே கேட்டார். "முத்திரை குத்தினீங்கல்ல? குத்தினப்புறம் எங்கிட்ட ஏன் வர்றீங்க? அரசாங்கமே நல்லா இருக்குன்னு சொல்லிருச்சு."

எட்முண்ட் தொப்பியைக் கழற்றினார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"நான் பார்க்கல, பான் ஜெனோன். நாற்காலியில உட்கார்ந்தபடியே போன வருஷத்து எண்ணை அடிச்சு முத்திரை குத்திட்டேன். முட்டி வலிச்சுது. அவ்வளவுதான் காரணம். வீட்டுல அக்கார்டியனை எடுத்துக்கிட்டு இப்ப அவர் சரிவுல இறங்கிட்டு இருப்பார்."

கத்தி நின்றது.

"நவம்பர்ல எம் பொண்டாட்டி ஸ்டெஃபானியாவ அடக்கம் பண்ணோம்," என்றார் ஜெனோன், உருளைக்கிழங்கைப் பார்த்தபடி. "கல்லறையில பாடுற பாட்டுல நாலு சரணம் இருக்கு. அவளுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு. தெயோடோர் ஒரு சரணத்தோட நிறுத்திட்டான். டெம்போவாவுல பன்னெண்டு மணிக்கு இன்னொரு அடக்கமாம். பெட்டி குழியில இறங்குது, மதிலுக்கு அந்தப் பக்கம் டுர்ருன்னு வண்டிச் சத்தம். நான் சரிபண்ணிக் குடுத்த வண்டி. நான் அவ்வளவு நல்லாச் சரிபண்ணி வச்சிருந்ததால ஒரே உதையில கிளம்பிருச்சு."

எட்முண்ட் தொப்பியை மாட்டிக்கொண்டார். சமாதானம் சொல்ல வாயெடுத்தால் அது பொய்யாகிவிடும் போலிருந்தது. "நான் வெளியே கார்ல இருக்கேன்," என்று மட்டும் சொன்னார். "ஒரு பின் குடுத்தாலும் போதும். நானே மாட்டிக்குவேன்."

கார்ச் சாவியைத் திருகுவதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது. ஜெனோன் ஏறிக்கொண்டார். கையில் ஒரு தகர டப்பா, ஒரு குறடு. "நீங்க மாட்டிக்குவீங்களாக்கும்," என்றார். "உங்களுக்குப் பேனா பிடிக்கத்தான் தெரியும். ஓட்டுங்க."

ஓல்ஷின்கா எல்லை தாண்டியதும் சாலை சரியத் தொடங்கியது. ஜெனோன் வலப்பக்கப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார், எட்முண்ட் இடப்பக்கத்தை. சின்ன வயதிலிருந்து தினமும் சொல்லும் காவல் தூதர் ஜெபத்தைச் சொல்ல முயன்றார் எட்முண்ட். இரண்டாவது வரி நினைவுக்கு வரவில்லை. அவ்வளவு அசதி. முதல் வரியையே மூன்று தடவை சொன்னார். கேட்பவருக்கு மிச்சம் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

வளைவு வந்தது. புல் மடங்கவில்லை. பாலத்துக் கம்பிகள் நேராக நின்றன. ஜெனோன் மூச்சு விட்டது காருக்குள் பெரிதாகக் கேட்டது.

டெம்போவா மண்டபம் லிண்டன் மரத்தடியில் இருந்தது. மாதா சிலையைச் சுற்றிக் காகிதத் தோரணம். முன்னால் பதினைந்து இருபது பெண்களும் ஓரிரண்டு ஆண்களும். தெயோடோர் ஸ்டூலில் உட்கார்ந்து அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் மரத்தில் சாய்ந்து நின்றது.

ஜெனோன் யாரையும் பார்க்காமல் நேரே வண்டியிடம் போனார். அதே நேரம் பிரார்த்தனை தொடங்கி, எல்லோரும் முழங்காலிட்டார்கள். ஜெனோனும் பின்சக்கரத்தின் பக்கத்தில் முழங்காலிட்டார். பார்த்தவர்களுக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் தெரிந்திருக்காது. எட்முண்டும் வலியோடு அவர் பக்கத்தில் இறங்கினார். நட்டு கம்பியின் நுனியில், கடைசி இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெனோன் அதைச் சுண்டுவிரலால் தொட்டார். அது சுற்றியது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது கூட்டம்.

ஜெனோன் நட்டை இறுக்கினார். புதுப் பின்னைச் செருகினார். அதன் இரண்டு நுனியையும் குறட்டால் மடக்கினார். பிறகு தகர டப்பாவிலிருந்து ஒரு குட்டி நகப்பூச்சுப் புட்டியை எடுத்தார்.

"ஸ்டெஃபானியாவோடதா?" என்று எட்முண்ட் மெல்லக் கேட்டார்.

"அவ பேருக்குரிய புனிதர் திருநாளுக்கு மருமக வாங்கிக் குடுத்தா. கோழிக்குத் தீனி போடுற கைக்கு இது எதுக்குன்னு அவ எங்கிட்டக் குடுத்துட்டா." மூடியைத் திருகினார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் கெட்டியாகிவிட்டிருந்தது. தூரிகையைச் சுரண்டிச் சுரண்டி, நட்டின் மேல் ஒரு பொட்டு வைத்தார்.

வழிபாடு முடிந்து தெயோடோர் எழுந்து திரும்பியபோது மரத்தடியில் இருவரும் நின்றார்கள். ஜெனோனைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. எட்முண்ட் உடைந்த பின்னை நீட்டி, நடந்ததைச் சொன்னார். தன் நாற்காலியையும் போன வருடத்து எண்ணையும் விட்டுவிடாமல் சொன்னார்.

தெயோடோர் நட்டைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், ஜெனோனின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார்.

"இருபது வருஷமா நான்தான் இந்த வண்டிய நல்லா வச்சிருக்கேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்," என்றார். "நான் பெட்ரோல் மட்டும்தான் ஊத்தியிருக்கேன்."

"அதையும் கீழ சிந்திக்கிட்டுத்தான் ஊத்துவே," என்றார் ஜெனோன்.

"ஜெனோன், அன்னிக்கு நான் நிறுத்தியிருக்கக் கூடாது. இன்னும் மூணு சரணம், ரெண்டு நிமிஷம். டெம்போவாவுல சாமியாரே பத்து நிமிஷம் தாமதமாத்தான் வந்தார். அது தெரிஞ்ச பிறகு உன் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாப் போச்சு. அதான் வேலிப் பக்கமே வரல."

ஜெனோன் புட்டியை மூடி டப்பாவில் போட்டார். "வேலியில பலகை ஒண்ணு விழுந்து கிடக்கு, ரெண்டு மாசமா," என்றார் கடைசியில். "ரெண்டு பேரும் பார்க்காத மாதிரியே நடிச்சுட்டு இருக்கோம்."

எட்முண்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆபத்து நீங்கிவிட்டது, இருவரும் பேசிக்கொண்டுவிட்டார்கள், புத்தகத்தில் முத்திரை இருக்கிறது. இந்த இடத்திலேயே விட்டுவிட்டால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. வீட்டுக்காரி சூப் சூடாக்கி வைத்திருப்பாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வண்டியோட வாங்க, பான் தெயோடோர்," என்றார். "இப்ப மெதுவா, முன் பிரேக்கை மட்டும் பிடிச்சு ஓட்டிப் போங்க. நான் பின்னாலேயே வர்றேன்."

"எதுக்கு? சரியாயிடுச்சே."

"ஒரு நட்டு சரியாயிருக்கு. மத்தது எதையும் நான் பார்க்கலையே."

"முத்திரை இருக்கே, பான் எட்முண்ட்."

"அது வண்டிக்குக் குத்தினது இல்ல. உங்க மேல இருந்த நம்பிக்கையில குத்தினது. ரோட்டுக்கு அது போதாது."

வீட்டுக்குப் போனதும் நிலையத்தின் உரிமையாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"இதுக்கு உங்க உரிமத்தையே பிடுங்கிருவாங்க, தெரியுமில்ல? எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க, பான் எட்முண்ட்? புதுப் பின் மாட்டியாச்சு. யாரும் கேட்க மாட்டாங்க."

"இன்னிக்கு ராத்திரி நான் தூங்கணும், பானி போஜெனா. ரொம்ப அசதியா இருக்கு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "முத்திரை மேல கோடு போட்டு ரத்து பண்ணிட்டு, ஏன்னு உங்க கைப்பட எழுதி வைங்க. மாவட்ட அலுவலகத்துக்கு நானே எடுத்துட்டுப் போறேன். அவங்க என்ன சொல்றாங்களோ பார்க்கலாம். நான் இன்னும் உங்கள வேலைய விட்டு அனுப்பல."

சனிக்கிழமை காலை ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நீலப் புகை தெரிந்தது. பின் சீட்டில் ஜெனோன் உட்கார்ந்திருந்தார், குறடு வைத்த டப்பாவை மடியில் பிடித்துக்கொண்டு.

எட்முண்ட் எல்லாவற்றையும் பார்த்தார். முன் ஃபோர்க்கை அழுத்திப் பார்த்தார். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். பழைய பொட்டு மங்கிய ஒவ்வொரு நட்டையும் விரலால் தொட்டார். நாலு நட்டுகள் அசைந்தன. பின் பிரேக்கை ஓட்டிப் பார்த்தபோது முள் போன வருடத்து எண்ணில் பாதிக்குமேல் ஏறவில்லை. உள்ளே பிரேக் லைனிங் தேய்ந்து காகிதமாகியிருந்தது. மறுபடி ஒருமுறை பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார். முள் ஏறவில்லை.

மேசையில் உட்கார்ந்து பழைய முத்திரையின் மேல் குறுக்குக் கோடு போட்டுக் கையெழுத்திட்டார். தாளில் 'தேறவில்லை' என்ற கட்டத்தைக் குறிக்கும்போது, ஒரு நல்ல மனிதரின் முகத்தில் கோடு கிழிப்பது போலிருந்தது. தெயோடோரிடம் அதை நேரே நீட்ட முடியாமல் மேசையில் வைத்துத் தள்ளினார்.

தெயோடோர் அதை மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் படித்தார். "இருபது வருஷம்," என்றார். "இருபத்தொண்ணு ஆகல."

"எம் மேல கோபமா?"

"இல்ல, பான் எட்முண்ட்." யோசித்தார். "கொஞ்சம் இருக்கு. போயிரும். பாலத்தடியில கிடந்திருந்தா கோபப்படக்கூட முடியாதே."

ஜெனோன் அவர் கையிலிருந்து தாளைப் பிடுங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார். "சரிபண்ணப் பதினாலு நாள் குடுத்திருக்கார். எனக்கு நாலு நாள் போதும். லைனிங் டவுன்ல கிடைக்கும். பொட்டு வைக்கத்தான் பூச்சு இல்ல. தீர்ந்துபோச்சு."

"நான் வாங்கிட்டு வர்றேன்," என்றார் தெயோடோர்.

"நீயா? கடையில போய் நகப்பூச்சு கேட்பியா? கோயில்காரன்?"

"கேட்பேன். எந்தச் சிவப்புன்னு அந்தப் புட்டிய மட்டும் குடு."

ஜெனோன் டப்பாவைத் திறந்து, காலிப் புட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். தெயோடோர் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"நாளைக்கு டெம்போவா பூசைக்கு எப்படிப் போறது?" என்றார் அப்புறம். யாரிடம் கேட்கிறார் என்பது தெளிவாக இல்லை.

"டிராக்டர்ல கொண்டுவிடறேன். மெதுவாத்தான் போகும், ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பணும்." ஜெனோன் வண்டியின் பின்புறத்தைப் பிடித்தார். "ஒரு விஷயம். அதுல ஏறினா, எந்தப் பாட்டையும் பாதியில விட்டுட்டு நீ ஓட முடியாது."

"ஓட மாட்டேன். நாளைக்குக் காலையில ஓல்ஷின்காவுல அந்தப் பாட்டோட நாலு சரணமும் வாசிப்பேன். ஸ்டெஃபானியாவுக்கு."

"பார்ப்போம்," என்றார் ஜெனோன். "நான் எண்ணுவேன்."

தேறாத வண்டியை ஓட்டிப் போக முடியாது. தெயோடோர் கைப்பிடியைப் பிடித்தார், ஜெனோன் பின்னாலிருந்து தள்ளினார். ஓல்ஷின்காவுக்கு மூன்று கிலோமீட்டர். லைலாக் புதர் ஓரமாக இருவரும் போவதை எட்முண்ட் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சண்டை பிடித்துக்கொண்டே போனார்கள். அநேகமாக வேலிப் பலகையைப் பற்றி இருக்கும்.

பக்கத்தில் ஹாரன் அடித்தது. சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றிருந்தது; ஓட்டிவந்தவர் ஜன்னலை இறக்கினார்.

"பான் பரிசோதகரே, இது சின்ன வண்டிதான். ஒண்ணும் பார்க்கவேண்டியிருக்காது."

"இன்ஜினை நிறுத்துங்க," என்றார் எட்முண்ட். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, முதலில் இடது காலையும் பிறகு வலது காலையும் மடக்கி, மெதுவாகச் சக்கரத்தின் பக்கத்தில் முழங்காலிட்டார்.